ஏழு மணி மருந்துக்கு ஆறு மணி டிக்

ஜூலை 17, புதன்

இருந்தவர்கள்: நான் (உலகம்மாள்), மகள் செண்பகா, வீட்டுக்காரர் ஆவுடையப்பன், கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் அவருடைய அக்கா பகவதி மதினி, படத்தில் கோமதி அம்மன். ஆக ஐந்து பேர்.

வலிப்பு வந்தால் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் திருநெல்வேலி டாக்டர் ரெஜினா மேடம். அம்மனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லவில்லை. நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மொஹரம் லீவு. காலை 10.20. செண்பகா இட்லித் தட்டைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. நாற்பது விநாடி. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மதினி போனுக்குள்ளிருந்து கத்தினாள்: "ஏட்டி, கையில இரும்பக் குடு! சாவியக் குடுக்கச் சொல்லு அவன!"

இவர் பைக் சாவியோடு ஓடி வந்தார். கையில் எதையும் திணிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவூட்டி, "தள்ளி நில்லுங்க" என்றேன். மனிதர் என்ன செய்வார்? வலிப்பு முடிகிறவரை சாவியைத் தன் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வலிப்பு வரவில்லை. இரும்பின் மகிமை.

இந்த நோட்டைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். இடது பக்கம் டாக்டருக்கு: கட்டம் போட்டு, காலை ஏழு மணி சிரப் 5 மில்லி, இரவு ஏழு மணி சிரப் 5 மில்லி, தூக்கம், வலிப்பு. வலது பக்கம் எனக்கு. மாலை ஆறு மணிக்கு விளக்கு வைக்கும் முன் இரண்டு பக்கத்தையும் எழுதி மூடிவிடுவேன். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் உப்பு, ஊசி, கணக்கு மூன்றையும் தொடுவதில்லை. அதனால் ஏழு மணி மருந்துக்கும் ஆறு மணிக்கே டிக் போட்டுவிடுவேன். எப்படியும் கொடுக்கத்தானே போகிறேன். இரண்டு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

ஜூலை 18, வியாழன்

திருநெல்வேலி போனோம். மேடம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நோட்டு வச்சிருக்கிற அம்மாவ நான் பார்த்ததே இல்ல" என்றார். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பட்டமளிப்பு விழா போல இருந்தது. தென்காசி வரும்வரை பஸ்ஸில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். முதுகு வலிக்கிறது.

ரத்தத்தில் மெக்னீசியம் கொஞ்சம் குறைவாம். "இது வலிப்பு மருந்துக்குப் பதில் இல்ல, கூடவே குடுக்கிறது. கடையில என்னென்ன வகை கிடைக்குதோ போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. எது, எவ்வளவு, எப்போனு நான் சொல்றேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

இன்னொன்றும் சொன்னார். இந்த மருந்துக்கு வலிப்பு அடங்காவிட்டால் இரண்டாவது மருந்து சேர்க்க வேண்டியிருக்கும். முதல் மருந்து ஆரம்பித்தபோதே மூன்று மாதம் பிள்ளை தூங்கி விழுந்துகொண்டே இருந்தாள். ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோய் அழுதாள். இப்போதுதான் தெளிந்து, பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடிக்கச் சேர்ந்திருக்கிறாள். ஆகஸ்ட் பதினைந்துக்கு அணிவகுப்பு. சாப்பாட்டுத் தட்டு, குடம், அப்பாவின் வயிறு, எதையும் விடாமல் பழகுகிறாள்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டு, மருந்துக்கடை சுடலைமுத்து அண்ணாச்சியிடம் போனேன். மூன்று வகையை எடுத்து வைத்தார். ஆக்சைடு மாத்திரை, சிட்ரேட் சிரப், கிளைசினேட் பொடி.

"இதுல எது அண்ணாச்சி நல்லது?"

"மூணும் மெக்னீசியந்தான் தாயீ. சாம்பாருல முருங்கக்கா போட்டாலும் சாம்பாரு, கத்திரிக்கா போட்டாலும் சாம்பாரு."

"அப்ப ஏன் மூணு பேரு?"

"டாக்டரம்மாட்ட கேளு."

"சின்ன விஷயத்துக்குப் போயி அவங்களத் தொந்தரவு பண்ணவா?"

"அப்ப மூணையும் கொண்டு போ. பிரிக்காம கொண்டாந்தா திருப்பி எடுத்துக்கிடுதேன்."

கொண்டுவந்தேன். டாக்டருக்குப் போட்டோ அனுப்பவில்லை. இப்படி நோட்டு வைக்கிற அம்மாவுக்கு ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா?

ஜூலை 20, சனி

நாள் முழுக்கப் படிப்பு. குழம்பு அடிப்பிடித்தது.

முதலில் டப்பாவின் முன்பக்கத்தில் எந்த எண் பெரிதோ அதுதான் சத்து அதிகம் என்று நினைத்தேன். பொடியில் ஆயிரம், மாத்திரையில் நானூறு. பொடிதான் என்று முடிவு செய்து காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு இவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்தால், ஆயிரத்துக்குள் மெக்னீசியம் வெறும் நூறுதான். மீதி அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சங்கதி. உரிக்காத தேங்காயை எடை போட்டு உள்ளே இவ்வளவு பருப்பு என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

படித்ததில் புரிந்தது: ஆக்சைடில் மெக்னீசியம் நிறைய, ஆனால் உடம்பில் ஒட்டுவது குறைவு. சிட்ரேட் ஒட்டும், வயிற்றை இளக்கும். கிளைசினேட் வயிற்றுக்கு மென்மை. இதை எழுதும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மதினி போன் செய்தாள். "உலகம்மா, இதெல்லாம் பழசுட்டி. மூளைக்குள்ளயே நேரா போறது ஒண்ணு வந்திருக்காம். திரியோனேட்டாம். எங்க அப்பார்ட்மெண்ட்ல ஒரு அம்மா திங்கிறா, அப்படி ஒரு ஞாபகசக்தி!"

"அந்த அம்மாவுக்கு வலிப்பா மதினி?"

"இல்ல, சாவிய எங்க வச்சோம்னு மறந்துருவா."

இப்போது நான்கு வகை.

ஜூலை 21, ஞாயிறு

அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்த்தேன். மதினி சொன்ன வகை தென்காசியில் கிடையாது என்பதால் அதை அம்மனுக்குச் சொல்லவில்லை. வெள்ளைப் பூ ஆக்சைடு, சிவப்பு சிட்ரேட், மஞ்சள் கிளைசினேட். மூன்றையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நூல் சுற்றி, படத்தின் முன் குலுக்கிப் போட்டு, செண்பகாவை ஒன்றை எடுக்கச் சொன்னேன்.

வெள்ளை வந்தது.

ஒட்டாது என்று நேற்று படித்ததல்லவா அது? நூலை இறுக்கிச் சுற்றாததால் தவறாக வந்திருக்கும் என்று மறுபடியும் கட்டினேன். மறுபடியும் வெள்ளை. கை கழுவாமல் எடுத்தாய் என்று பிள்ளையைக் கைகழுவ அனுப்பிவிட்டு மூன்றாவது முறை கட்டினேன். மஞ்சள் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"சாமி மூணு தடவ யோசிக்குமா ம்மா?" என்று கேட்டாள் செண்பகா.

"நம்ம கேள்விய ஒழுங்கா கேக்கலைன்னா யோசிக்கும்."

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் திரும்பாமலே, "நாலாவது தடவ கட்டிராத. அம்மன் எந்திரிச்சுக் கடைக்குப் போயிரும்" என்றார்.

ஜூலை 22, திங்கள்

இன்று முதல் கிளைசினேட். அண்ணாச்சி சொன்னபடி பாதிப் பாக்கெட், இரவு சாப்பாட்டுக்குப் பின். வேறு மருந்தோடு சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றும் சொன்னார். ஆகவே ஏழு மணிக்குப் பொடி, ஒன்பது மணிக்கு வலிப்பு சிரப். கட்டத்தில் மெக்னீசியத்துக்குப் புதிய பத்தி போட்டு ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன். வலிப்பு சிரப்பும் இன்று காலை புது பாட்டில். 200 மில்லி, இருபது நாள். ஆகஸ்ட் பத்தாம் தேதி இரவோடு தீரும்.

எல்லா டிக்கும் போட்டாச்சு. விளக்கு வைக்கப் போகிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

நேற்று எட்டேகாலுக்கே செண்பகா தூங்கிவிட்டாள். ஒன்பது மணிக்கு எழுப்பி உட்கார வைத்து சிரப்பைக் கொடுத்தேன். விழுங்கினாள். பிறகு அரைமணி நேரம் தூக்கம் கலைந்து டிரம் அடித்தாள், என் முழங்காலில்.

ஜூலை 25, வியாழன்

நேற்றும் எட்டேகால். ஒன்பதுக்குப் போய்ப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு அவ்வளவு அழகான தூக்கம். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். பிள்ளை இப்படித் தூங்கி எவ்வளவு நாளாயிற்று! மெக்னீசியம் வேலை செய்கிறது.

பாத்திரம் விளக்கும் பொடி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 27, சனி

நல்ல தூக்கம். வலிப்பு இல்லை. மதினிக்கு நானே போன் போட்டு முக்கால் மணி நேரம் மெக்னீசியம் பாடம் நடத்தினேன். ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட், தேங்காய் உதாரணம் எல்லாம். அவள் அபார்ட்மெண்டில் சாவி மறக்கும் அம்மாவுக்கும் ஆலோசனை சொல்லியனுப்பினேன். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டர் உலகம்மாள், வேளை பாத்துச் சோறு போடுவாகளா?" என்றார். மணி இரண்டரை.

ஜூலை 30, செவ்வாய்

இருந்தவர்கள்: நான் இல்லை. பேண்டு மாஸ்டர், டிரம் அடிக்கும் பதினொரு பிள்ளைகள், ஆயா. மாஸ்டர் எழுதிக் கொடுத்தது இது. காலை 9.50, பள்ளி மைதானம். ஒரு நிமிடம் பத்து விநாடி. குச்சி கையை விட்டு விழவில்லையாம்.

வெயில்தான் காரணம்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு இவர், "மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்டிருந்தார். "நோட்டுல இருக்கே, பாருங்க" என்று சொன்னேன். பார்த்தார். இருந்தது.

ஆகஸ்ட் 2, மூன்றாம் வெள்ளி

மாவிளக்கு போட்டேன். டிரம்மைத் திண்டு மேல் வைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன், சத்தம் குறையும் என்று. திண்டு கிழிந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இருந்தவர்கள்: நான், செண்பகா, இவர், அம்மன். காலை 8.15. ஒரு நிமிடம் இருபது விநாடி.

நேற்று நான் மைசூர்பாகு கிளறியதில் நெய் மணம் தலைக்கு ஏறியிருக்கலாம். இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. எழுதியதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

நேற்று ஒன்பது மணிக்கு எழுப்பிப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. ஏழு மணிப் பொடி மட்டும் தவறவில்லை. ஸ்கேல் வைத்துக் கிழித்த பத்தி அல்லவா.

ஆகஸ்ட் 7, புதன்

இருந்தவர்கள்: நான், செண்பகா. அம்மன் படத்துக்குப் பக்கத்தில்தான் விழுந்தாள். காலை 7.40. இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் என்பது மிகவும் நீளமானது. கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டியிருந்ததால் அழவில்லை. கணக்கு எழுதுவதில் இப்படி ஒரு சௌகரியம்.

இடது பக்கத்தைப் போட்டோ எடுத்து டாக்டர் மேடத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"நீங்க வந்துட்டுப் போன மூணு வாரத்துல மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் நேரம் கூடுதே. மருந்து ஒரு வேளைகூட விடலையே?"

"நோட்டுல இருக்கே மேடம்."

"அதான் பார்க்கிறேன். எல்லா டிக்கும் இருக்கு. ஒழுங்கா குடுத்தும் அடங்கலைன்னா ரெண்டாவது மருந்து சேர்த்துத்தான் ஆகணும். சீட்டு அனுப்புறேன், வெள்ளிக்கிழமை காலையில ஆரம்பிச்சிருங்க. ஆரம்பத்துல நல்லா தூங்குவா, மந்தமா இருப்பா, பயப்படாதீங்க. மெக்னீசியம் என்ன குடுக்கிறீங்க? போட்டோ வரலையே?"

"லைன் கிடைக்கல மேடம், விட்டு விட்டு வருது" என்று போனை வைத்துவிட்டேன். லைன் பளிச்சென்றுதான் இருந்தது.

நோட்டு பொய் சொல்லாது என்று நம்பித்தானே அவர் மருந்து எழுதுகிறார். நோட்டு பொய் சொல்லவில்லை. ஆறு மணிக்கு எது உண்மையோ அதைத்தான் சொன்னது.

ஆகஸ்ட் 8, வியாழன்

அண்ணாச்சி காலையில் போன் செய்தார். "தாயீ, புது மருந்து வந்திருக்கு, ஆவுடையப்பன்ட்ட குடுத்து விடுதேன். பழைய சிரப்பும் நாளன்னைக்குத் தீருமே, அதையும் சேத்துக் குடுத்து விடவா? நீ ஒருநாள் முந்தியே கேக்குற ஆளாச்சே, இந்தத் தடவ சத்தத்தையே காணோம்."

பாட்டிலைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது.

சுடுதண்ணீரில் கழுவித் துடைத்த டம்ளரில், அந்த மருந்தோடு வந்த ஐந்து மில்லி மூடியால் அளந்து ஊற்றினேன். ஐந்து மூடி இருக்க வேண்டும். பதினாறு மூடி இருந்தது. நம்பாமல் திரும்ப அளந்தேன். பதினாறு. மூன்றாவது முறை அளக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது முறை எனக்குப் பிடித்த பதில் வருவதற்கு இது பூக்கட்டிப் பார்ப்பது இல்லை.

பதினோரு வேளை. பதினேழு இரவில் பதினோரு இரவு பிள்ளைக்கு மருந்து போகவில்லை. நோட்டில் பதினேழு டிக். எல்லாம் என் கையெழுத்து, ஒரே அளவு, ஒரே சாய்வு, பார்க்க அவ்வளவு லட்சணம்.

செண்பகா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி மருந்த நிப்பாட்டியாச்சுன்னுல்லா நெனச்சேன். அந்தப் பொடிதான் அதுக்குப் பதிலுன்னு."

"ஏன்ட்டி எங்கிட்ட கேக்கல?"

"நீதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதுதியே ம்மா."

இந்த வாக்கியத்தை நான் இவருக்கும் சொன்னேன், டாக்டருக்கும் சொன்னேன். இப்போது என் பிள்ளை எனக்கே சொல்கிறாள்.

பொடியைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கொடுத்திருந்தால் சிரப் ஏழு மணியிலேயே இருந்திருக்கும். இரண்டு மணி நேர இடைவெளியை முன்பக்கமும் விடலாம் என்று இத்தனை படித்தவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளையைத் தூங்க வைத்தது மெக்னீசியமா, டிரம்மா என்பதும் தெரியாது. வந்த விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்ததில் வீட்டு ஆளைப் பட்டினி போட்டுவிட்டேன்.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தபோது டம்ளரைக் காட்டிச் சொன்னேன். எப்படியும் ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். புது மருந்துப் பையை மேசையில் வைத்தார்.

"டாக்டர்ட்டச் சொல்லு."

"என்ன நெனப்பாங்க?"

"நீ நல்லா நோட்டு எழுதுதன்னு நெனைக்க மாட்டாங்க. அவ்வளவுதான். இந்தப் புது மருந்தப் பிரிச்சா பிள்ள மறுபடி தூங்கி விழுவா உலகம்மா. தேவையா தேவையில்லையான்னு அவுகளுக்குத் தெரியணும்ல?"

ஆறு மணிக்கு விளக்கு வைத்தேன். நோட்டை மூடவில்லை. ஏழு மணிக்கு செண்பகாவுக்கு சிரப் கொடுத்து, அவள் விழுங்கியதைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்துவிட்டு டிக் போட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருக்க நான் எழுதிய முதல் கணக்கு இது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மனை நான் ரொம்பவும் பேசவிட்டதும் இல்லை.

மேடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்புவதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"மேடம், வணக்கம். செண்பகாவின் அம்மா உலகம்மாள். நேற்று நான் அனுப்பிய பக்கம் தப்பு. ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 7 வரை பதினோரு இரவு வலிப்பு சிரப் கொடுக்கவில்லை. எந்தெந்த இரவு என்று சரியாகச் சொல்ல முடியாது, கொடுக்கும் முன்பே டிக் போடும் பழக்கத்தால். பாட்டிலில் மிச்சம் இருந்ததை அளந்து சொல்கிறேன். காலை வேளை தவறவில்லை. இன்று இரவு ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று லைன் நன்றாகத்தான் இருந்தது. மன்னியுங்கள்.

மெக்னீசியம் உங்களைக் கேட்காமல் நானே ஆரம்பித்தேன். கிளைசினேட் பொடி, பாதிப் பாக்கெட், இரவு ஏழு மணிக்கு. இன்று கொடுக்கவில்லை. நீங்கள் முதல் நாளே கேட்ட போட்டோ மூன்றும் கீழே இருக்கிறது, முன்பக்கம், பின்பக்கம். இதில் எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு? விட்டுப்போன வேளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? இரண்டாவது மருந்து வீட்டில் வந்திருக்கிறது, பிரிக்கவில்லை. நாளை காலை ஏழு மணிக்கு அதை ஆரம்பிக்கவா, வேண்டாமா? அதற்குள் பதில் சொல்லுங்கள் மேடம்."